அபெக்ஸ் லெஜெண்ட்ஸ்: சுடுவதை விட ஊகிப்பதில்தான் மஜா

அபெக்ஸ் லெஜெண்ட்ஸுக்கு ரிவ்யூ என்றால் எல்லோரும் துப்பாக்கி, மூவ்மெண்ட், மேட்ச்மேக்கிங் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. சறுக்கிக்கொண்டே சுடுகிற சுகத்தில் இதற்குச் சமமான இலவச கேம் எனக்குத் தெரிந்து இல்லை, அந்தப் பேச்சை இதோடு முடித்துக்கொள்ளலாம். நான் இதை கம்ப்யூட்டரில் இருந்து அழிக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. அடுத்து வரப்போகிற ஆள் யார், எங்கே இருந்து வருகிறான், ஏற்கனவே இருக்கிறவர்களில் யாருக்குச் சொந்தம், யாருக்குப் பகை என்று சீசன் என்கிற ஒவ்வொரு புதுச் சுற்றுக்கும் முன்னால் ஒரு பேச்சு கிளம்பும் பாருங்கள், அதற்காகத்தான். எங்கள் ஸ்குவாடில் நாங்கள் சுட்ட நேரத்தை விட மேட்சுக்குக் காத்திருக்கும் லாபியில் உட்கார்ந்து மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட நேரம்தான் அதிகம். ஆகவே இந்த ரிவ்யூவில் மார்க் போடப்போவது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்: புது கேரக்டரை வைத்து இந்த கேம் நம்மை எவ்வளவு நன்றாக யோசிக்க வைக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2019 பிப்ரவரி 4 அன்று முன்கூட்டி எந்த விளம்பரமும் இல்லாமல் ரெஸ்பான் நிறுவனம் இதை வெளியிட்டது, ஒரே வாரத்தில் இரண்டரைக் கோடிப் பேர் உள்ளே வந்தார்கள். மூன்று பேர் கொண்ட இருபது அணிகள் ஒரு மேப்பில் இறங்கிக் கடைசி அணி நிற்கும் வரை அடித்துக்கொள்ள வேண்டும். கதை நடப்பது டைட்டன்ஃபால் உலகத்தில், அதாவது 2016-ல் வந்த டைட்டன்ஃபால் 2 போர் முடிந்து முப்பது வருடம் கழித்து. நாம் எடுத்து விளையாடுகிற ஆட்களுக்குப் பெயர் லெஜெண்ட். ஒவ்வொருவருக்கும் ஒரு முன்கதை உண்டு, அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லமாட்டார்கள். லோடிங் ஸ்கிரீன், மேப்பின் மூலையில் கிடக்கும் ஒரு பொருள், குறிப்பிட்ட இரண்டு பேர் ஒரே அணியில் வந்தால் மட்டும் அவர்களுக்குள் நடக்கும் நக்கல் பேச்சு, சீசனுக்கு முன்னால் வரும் குட்டிப் படம், இப்படிப் பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும். இந்தப் பொறுக்குகிற வேலை பிடிக்காதவர்களுக்கு இந்த கேமில் பாதி போய்விட்டது என்றே சொல்வேன்.

சென்னையில் இருந்து ஆடுகிறவர்களுக்கு இதில் ஒரு ராசி இருக்கிறது. 2020-ல் லோபா, 2021-ல் வால்கிரி, 2022-ல் நியூகாசில், 2023-ல் பலிஸ்டிக், 2024-ல் ஆல்ட்டர் என்று வரிசையாக எல்லோரும் மே மாதம், சரியாகக் கத்திரி வெயிலில் வந்து இறங்கினார்கள். அதுவும் அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்குத் திறந்தால் நமக்கு இரவு பத்தரை. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஃபேன் காற்றே சூடாக அடிக்கிற அறையில், லேப்டாப் அதன் பங்குக்குக் கொதிக்க, அப்டேட் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று வியாசர்பாடியில் இருக்கும் என் ஸ்குவாட்காரனைக் கேட்டால் அழகான சென்னைத் தமிழில் சொல்லுவான், இங்கே எழுத முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த கேம் ஊகிக்க வைப்பதில் எவ்வளவு கெட்டி என்பதற்கு முதல் சாட்சி கிரிப்டோ. 2019 செப்டம்பரில் கிங்ஸ் கேன்யன் மேப்பில் உள்ள ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கிட்டே போனால் ஓடிவிடுவான். அறிவிப்பு இல்லை, போஸ்டர் இல்லை. நடு மேட்சில், பின்னால் இன்னொரு அணி துரத்திக்கொண்டு வரும்போது, ஒருவன் 'மச்சி, இங்க எவனோ நிக்கிறான்டா' என்று மைக்கில் கத்துகிறான், மற்ற இரண்டு பேரும் சுடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஓடுகிறோம், மூன்று பேரும் செத்தோம். அன்று முழுக்க அவன் யார் என்பதுதான் பேச்சு. ஹேக்கர் என்பது பார்த்த உடனே தெரிந்தது, எதைத் திருடுகிறான், யாருக்காகத் திருடுகிறான் என்பதில்தான் ஆளுக்கு ஒரு தியரி. அக்டோபர் 1 அன்று சீசன் 3 திறந்ததும் கதை தெரிந்தது: யாருக்காகவும் இல்லை, தனக்காகத்தான், தங்கை கொலைப் பழி தன் மேல் விழுந்து தலைமறைவாகத் திரிகிறவன். ஊகத்துக்கான துப்பு நம் காலடியில், நாம் தினமும் நடக்கிற இடத்தில் கிடந்தது. தியரி என்றால் இப்படி ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது ஃபோர்ஜ். இது வேறு லெவல். சீசன் 4 தொடங்குவதற்கு முன், 2020 ஜனவரியில், புது லெஜெண்ட் இவர்தான் என்று ஃபோர்ஜை அறிமுகம் செய்தார்கள். ஹேமண்ட் ரோபாட்டிக்ஸ் ஸ்பான்சர் செய்கிற மல்யுத்த சாம்பியன், பெரிய இரும்புக் கை. ஏற்கனவே கேமின் ஃபைல்களைத் தோண்டிப் பார்க்கிறவர்கள் ரெவனண்ட் என்று ஒரு பெயரைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், அதனால் ஒரு கூட்டம் 'ஃபோர்ஜ் பொய்' என்றது, இன்னொரு கூட்டம் 'கம்பெனியே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன' என்றது. சில நாள் கழித்து ஒரு வீடியோ. ஃபோர்ஜ் டிவி பேட்டியில் உட்கார்ந்து பெருமை பேசிக்கொண்டிருக்கிறார், பின்னால் இருந்து ஒரு கை அவர் நெஞ்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ரெவனண்ட். அதிகாரப்பூர்வ அறிவிப்பையே தூண்டிலாகப் போட்டு எல்லோர் காதிலும் பூ சுற்றிவிட்டார்கள். ஃபைலைத் தோண்டுகிறவர்களால் ஒரு கதையின் ரகசியம் போய்விடுகிறதே என்று அழுகிற கம்பெனிகளைத்தான் பார்த்திருக்கிறோம், அந்தத் தோண்டலையும் சேர்த்துக் கதைக்குள் இழுத்துக்கொண்ட கம்பெனி இது.

அந்த ரெவனண்ட் யார் என்றால், ஒரு கூலிக் கொலைகாரனின் மனதை எடுத்து இயந்திர உடம்பில் வைத்திருக்கிறார்கள், தான் இன்னும் மனிதன்தான் என்று அவன் நம்பும்படி புரோகிராம். ஒருநாள் அந்தப் புரோகிராம் உடைகிறது, கண்ணாடியில் தன்னையே பார்க்கிறான். சீசன் 4 டிரெய்லரில் இதே காட்சியில் அவன் கொல்லுகிற தம்பதிக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்குப் பெயர் இருக்கிறது, அதற்கு இப்போது வயது இருக்கும், அப்படியானால் அடுத்த சீசனில் அவள்தான் என்று எங்களில் ஒருவன் அன்றே சொன்னான். மே மாதம் லோபா வந்தாள். இந்த மாதிரித் தியரி பலிக்கும்போது கிடைக்கிற திமிர் இருக்கிறதே, மேட்ச் ஜெயித்தால் கூட வராது.

ஆனால் என் கணக்கில் உச்சம் ஆஷ் கதைதான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சீசன் 5 ஓடியது 2020 மே முதல் ஆகஸ்ட் வரை. இடையில் ஜூன் 19-ல் இருந்து ஜூலை 5 வரை சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு, காய்கறிக்குக் கூட இரண்டு கிலோமீட்டருக்குள் போய் வா என்ற நேரம். அந்த சீசனில் தினமும் மேட்சில் ஒரு புதையல் பெட்டி எடுக்கலாம். போதுமான அளவு சேர்ந்தால் வாரம் ஒரு சின்ன மிஷன் திறக்கும், இரவு நேர கிங்ஸ் கேன்யனில் மிருகங்களைச் சுட்டுக்கொண்டே போய் ஏதோ ஒரு பொருளின் துண்டை எடுத்து வர வேண்டும். மொத்தம் ஒன்பது துண்டு. என்ன பொருள் என்று கேம் சொல்லவில்லை. ஆயுதம் என்றான் ஒருவன், புது மேப்புக்கான சாவி என்றான் இன்னொருவன். துண்டுகள் சேரச் சேர அதற்கு ஒரு வளைவு வந்தது, கன்னம் மாதிரி. எங்களில் டைட்டன்ஃபால் 2 முடித்தவன் ஒருத்தன்தான் இருந்தான், அவன் மட்டும் 'இது தலைடா, பொம்பளத் தலை, ஆஷ்' என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசித் துண்டு பொருந்தியதும் அந்தத் தலை கண் திறந்தது. ஆஷ்தான். பழைய கேமில் நாம் அடித்துச் சாய்த்த வில்லி.

அதோடு விட்டிருந்தால் நல்ல சர்ப்ரைஸ் என்ற அளவில் நின்றிருக்கும். நவம்பரில், சீசன் 7-ல், ஹொரைசன் என்று ஒரு விஞ்ஞானி வந்தாள், மேரி சோமர்ஸ். உதவியாளராக இருந்த ரீட் துரோகம் செய்து அவளைக் கருந்துளைக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறாள். சோமர்ஸ் தப்பித்துத் திரும்பும்போது வெளியே 87 வருடம் ஓடிவிட்டது, திரும்பி வருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்த மகன் நியூட்டன் இல்லை. (இது கதைக்காக அடித்துவிட்டது இல்லை, ஈர்ப்பு விசை அதிகமான இடத்தில் நேரம் மெதுவாக ஓடும் என்பது நிஜமான இயற்பியல். ஓஎம்ஆரில் வழி காட்டுகிற மேப் கூட அதை நம்பித்தான் இருக்கிறது: ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரம் தரையை விட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும், அதைத் திருத்தாவிட்டால் மேப் தினமும் கிலோமீட்டர் கணக்கில் தப்பும்.) அந்த உதவியாளரின் முழுப் பெயர் ஆஷ்லி ரீட். அவள்தான் பிறகு இயந்திர உடம்பில் ஆஷ் ஆனவள். முதலில் கையில் ஒரு தலை, பிறகு அந்தத் தலையால் கெட்ட ஒரு தாய், 2021 நவம்பரில் சீசன் 11-ல் அந்தத் தலைக்காரியே விளையாடக் கிடைக்கிறாள், உள்ளே லீ என்ற பழைய மனுஷியின் குரலோடு. ஒன்றரை வருடம் பொறுமையாகக் கட்டிய கதை. இருவரையும் ஒரே அணியில் எடுத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள், ஹெலிகாப்டர் சத்தத்தில் பாதி வசனம் போய்விடும் நம்மூர் டப்பிங் படங்கள் மாதிரி இல்லாமல் தெளிவாகக் கேட்கும்.

வால்கிரியும் அதே ரகம். அப்பா வைப்பரை டைட்டன்ஃபால் 2-ல் நாம்தான் கொன்றிருப்போம், மகள் அவருடைய டைட்டனின், அதாவது அவர் ஓட்டிய ராட்சத ரோபோவின், பாகங்களில் இருந்து ஜெட்பேக் செய்துகொண்டு வருகிறாள். நியூகாசிலோ செத்துப்போனதாக பெங்களூர் என்ற லெஜெண்ட் நம்பிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன், முகமூடி போட்டுக்கொண்டு வேறு பெயரில் திரிகிறான். இங்கே கொஞ்சம் மெகா சீரியல் வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். யாருக்கும் யாரும் சொந்தம் இல்லாத ஒரு கேரக்டர் வராதா என்று ஏங்க வைத்துவிட்டார்கள்.

நம்மூர்ப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூர் என்ற பெயரைப் பார்த்ததும் இந்தியப் பெண் என்று நினைத்தவர்கள் நிறைய, அவள் அனிதா வில்லியம்ஸ், ராணுவக் குடும்பத்து அமெரிக்க பாணி ஆள். ஆனால் பெங்களூர் டார்பிடோ என்று ஒரு வெடிகுழாய் உண்டு, 1912-ல் அங்கே இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில்தான் ஓர் ஆங்கிலேய அதிகாரி அதை உருவாக்கினார். புகைக்குண்டும் ஏவுகணையும் அடிக்கிற சிப்பாய்க்கு அந்தப் பட்டப்பெயர் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் சொந்தத் தியரி. நிஜமான இந்திய வேர் உள்ளவள் 2020 ஆகஸ்டில் வந்த ராம்பார்ட், ரம்யா பரேக். குரல் அஞ்சலி பீமானி, ஓவர்வாட்ச் என்ற இன்னொரு கேமில் ஹைதராபாத்காரி சிமெட்ராவுக்கும் அவர்தான். ரம்யா ஒரு மெக்கானிக், வாய் ஜாஸ்தி, மினிகனுக்கு ஷீலா என்று பெயர் வைத்திருக்கிறாள். கோயில், சேலை, ஞானம் எதுவும் இல்லாத இந்தியப் பெண்ணை ஒரு வெளிநாட்டு கேம் எழுதியதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும், ஆனால் ஊகிக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

ஓவர்வாட்ச் என்றதும் அதில் வரும் சோம்ப்ரா ஞாபகம் வருகிறாள். 2016-ல் அந்தக் கேரக்டருக்காக வீடியோவுக்குள் மறைத்த குறியீடு, குறியீட்டுக்குள் இன்னொரு குறியீடு, பிறகு சதவீதம் மெதுவாக ஏறுகிற ஓர் இணையதளம் என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். நூறு சதவீதம் வந்தது, திறந்தால் இன்னொரு புதிர்தான். நவம்பரில் ஆள் வந்து நின்றபோது ஊகித்தவர்களுக்குக் கொட்டாவிதான் மிச்சம். துப்புக்கு மேல் துப்பு கொடுத்துவிட்டு அது ஒன்றுக்கும் கதையில் இடம் இல்லை என்றால் அது தியரி இல்லை, வீட்டுப்பாடம். அபெக்ஸ் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அதன் துப்புகள் கதையின் பாகமாகவே இருந்தன.

இருந்தன என்று இறந்தகாலத்தில் எழுதுகிறேன், அதுதான் இந்த ரிவ்யூவின் கசப்பான பகுதி. 2020, 2021, 2022 மூன்று வருடமும் வருடத்துக்கு நான்கு புது லெஜெண்ட். 2023-ல் இரண்டு. 2024-ல் ஆல்ட்டர் ஒருத்திதான். ஆட்கள் குறைந்தது கூடப் பரவாயில்லை, நாற்பது பேரை எவன் பேலன்ஸ் செய்வது. துப்புகள் மேப்பை விட்டுப் போனதுதான் பிரச்சனை. ஆல்ட்டர் பரிமாணம் விட்டுப் பரிமாணம் தாவுகிறவள், சுவரில் ஓட்டை போட்டு மறுபக்கம் போகிறாள், அதைப் பார்த்த உடனே யாருக்கும் ரேய்த் என்ற பழைய லெஜெண்டின் ஞாபகம்தான் வரும், ஏனென்றால் ரேய்த்தும் நினைவிழந்து, இன்னொரு பரிமாணத்து ரேய்த்தின் உதவியால் தப்பி வந்தவள். அப்படியானால் ஆல்ட்டர் எந்தப் பரிமாணத்தின் யார்? அருமையான கேள்வி, லட்டு மாதிரி கையில் கிடைத்தது. ஆனால் அதைத் தேட நான் மேப்பில் எங்கே போவது? வீடியோவைப் பார், வசனத்தைக் கேள், அவ்வளவுதான். கிரிப்டோவை நான் என் காலால் நடந்து போய்ப் பார்த்தேன், ஆல்ட்டரை யூடியூபில் பார்த்தேன்.

மொபைல் பதிப்பின் கதை இன்னும் சோகம். 2021-ல் அதன் பீட்டா உலகத்திலேயே முதலில் தொடங்கிய இடங்களில் இந்தியாவும் ஒன்று, 2022 மே 17-ல் முழுதாக வந்தது, அந்த வருடம் ஆப்பிளின் சிறந்த ஐபோன் கேம் விருது கூட வாங்கியது, 2023 மே 1-ல் மூடிவிட்டார்கள். மொபைலுக்கு மட்டும் ஃபேட், ராப்சடி என்று இரண்டு கேரக்டர்கள். ராப்சடியின் குட்டி ரோபோவுக்கு ரவுடி என்று பெயர், அதை வைத்து எங்கள் ஏரியாவில் அடித்த கமெண்டுகளுக்குக் கணக்கே இல்லை. சர்வர் போனதும் அந்தக் கேரக்டர்களைப் பற்றிப் போட்ட முடிச்செல்லாம் அந்தரத்தில். கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லாமல் போனில் மட்டும் ஆடிய பையன்கள்தான் நம்மூரில் அதிகம், அவர்களுக்கு இந்த உலகத்தின் கதவு ஒரே வருடத்தில் சாத்தப்பட்டது.

காசு விஷயத்தைச் சட்டென்று முடிக்கிறேன். கேம் இலவசம், லெஜெண்டுகளை ஆடி ஆடிச் சேர்க்கிற டோக்கனில் வாங்கலாம், பல வருடமாக 12,000 டோக்கன் அல்லது காசு கொடுத்து வாங்கும் 750 காயின் என்பதுதான் விலையாக இருந்தது. ஹெர்லூம் என்கிற அரிய பொருளுக்கு 500 பெட்டி திறந்தால்தான் உத்தரவாதம், அந்தப் பக்கம் தலை வைத்தே படுக்காதீர்கள். 2024 ஜூலையில் சீசன் பரிசுகளுக்கான பேட்டில் பாஸை இரண்டாகப் பிரித்து இரண்டுக்கும் நிஜப் பணம்தான் என்று அறிவித்து, ஆடுகிறவர்கள் கொதித்ததும் அதே மாதம் பின்வாங்கினார்கள். ஏமாற்றுக்காரர்கள் தொல்லையும் உண்டு, 2024 மார்ச்சில் தொழில்முறைப் போட்டி நேரலையிலேயே வீரர்களின் திரையில் ஹேக் முளைத்து ஆட்டம் நின்றது. கதைக்காக மட்டும் வருகிறவர்களுக்கு இது எதுவும் பெரிதாக இடிக்காது.

லேக், அதாவது நெட் தாமதம் பற்றிக் கேட்பவர்களுக்கு நல்ல செய்தி, நாம் சென்னையில் இருக்கிறோம். 2002-ல் போட்ட ஐ2ஐ என்ற கடலடி கேபிள் இங்கிருந்து நேராக சிங்கப்பூர் போகிறது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர், கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்பதால் போய் வர 32 மில்லி விநாடிதான் அடிப்படைக் கணக்கு. வழியில் உள்ள சாதனங்கள் கொஞ்சம் கூட்டும். டெல்லிக்காரன் சிங்கப்பூர் சர்வருக்கு வர முதலில் நாட்டையே கடக்க வேண்டும். ஆரம்பத் திரையில் டேட்டா சென்டர் பட்டியலைத் திறந்து சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் பிங் (அந்தப் போய் வரும் நேரம்) எகிறினால் கடலுக்கடியில் குற்றம் தேடாதீர்கள், தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் ஒயரைப் பாருங்கள், எங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பு மழை தூறினாலே மூச்சு வாங்கும்.

மார்க் கேட்டால், 2019-ல் இருந்து 2021 வரை பத்துக்கு ஒன்பது, 2022 ஏழு, அதற்குப் பிறகு ஐந்து கொடுக்கவே கை தயங்குகிறது. கதையில் இந்த அபெக்ஸ் போட்டிகளையே நடத்தத் தொடங்கிய ப்ளிஸ்க்கை ஒருநாள் ஆட விடுவார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு மார்க்கைக் கையில் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் நேராக அபெக்ஸை இறக்காதீர்கள். டைட்டன்ஃபால் 2 ஸ்டீமில் தள்ளுபடியில் அடிக்கடி மலிவாகக் கிடைக்கும், அதன் கதைப் பகுதி ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆஷ், வைப்பர், ப்ளிஸ்க் மூன்று பேரையும் அங்கே சந்தித்துவிட்டு இங்கே வாருங்கள், பழைய சீசன்களின் குட்டிப் படங்களை வந்த வரிசையிலேயே பாருங்கள். யாராவது முன்னாடியே கதையைச் சொல்ல வந்தால் மைக்கை அணைத்துவிடுங்கள், குறிப்பாக நான் வந்தால்.